ஓபிடி ஓடுது, வேலை இன்னும் கிடைக்கல: 90 நாளுக்குள்ள எந்த வழி எடுக்கலாம்

என் சித்தி பொண்ணு அமெரிக்காவுல டாலஸ் பக்கத்துல எம்எஸ் படிக்கறா, இந்த மே மாசம் முடியுது. அங்க படிச்சு முடிச்ச வெளிநாட்டுப் பசங்க படிப்புக்கு சம்பந்தப்பட்ட வேலை பார்க்கறதுக்குக் கிடைக்கற தற்காலிக அனுமதிதான் ஓபிடி. போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு கூப்பிட்டு, "அண்ணா, ஓபிடி ஃபார்ம்ல ஸ்டார்ட் டேட் கேக்குது, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் படிப்பு முடிஞ்ச மறுநாளே போட்டிருக்காங்க, நானும் அதையே போட்டுடவா"ன்னு கேட்டா. போடாதன்னு சொல்லிட்டு ஒரு மணி நேரம் பேசினேன். ஏன்னா 2023ல நானும் அப்படித்தான் அவசரப்பட்டு ஒரு தேதி போட்டேன், அதுக்கப்புறம் ரெண்டு மாசம் தூக்கம் இல்லாம அலைஞ்சேன். அன்னிக்கு அவகிட்ட சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், இவளை மாதிரி இந்த வருஷம் முடிக்கற நிறைய பேர் இதே கேள்வியோட இருப்பீங்க.

முதல்ல கணக்கு. எஃப்-1 மாணவர் விசாவுல படிச்சு முடிச்சவங்களுக்கு ஓபிடி 12 மாசம். அந்த 12 மாசத்துல வேலை இல்லாம இருக்கறதுக்கு மொத்தம் 90 நாள்தான் அனுமதி, ஒரே மூச்சுல 90 இல்ல, அங்க பத்து இங்க இருபதுன்னு விட்டு விட்டு வந்தாலும் எல்லாம் சேர்த்து 90. சனி ஞாயிறு, லீவு நாள் எல்லாமே கணக்குல வரும். ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு) படிப்பா இருந்து 24 மாச எக்ஸ்டென்ஷன் கிடைச்சா இன்னொரு 60 நாள் சேரும், மூணு வருஷத்துக்கும் சேர்த்து 150. புதுசா 150 குடுக்க மாட்டாங்க, முதல் வருஷத்துல செலவழிச்சது போக மீதிதான். இந்தக் கணக்கு 2008ல வந்தது, அப்ப எக்ஸ்டென்ஷன் 17 மாசம், மொத்தம் 120 நாள், 2016 மே மாசத்துலதான் 24 மாசமும் 150 நாளும் ஆச்சு.

கடிகாரம் எப்ப ஓட ஆரம்பிக்கும்கறதுலதான் பாதிப் பேர் ஏமாந்து போறாங்க. ஈஏடி கார்டு, அதாவது வேலை பார்க்கற அனுமதி அட்டை, கைக்கு வந்த நாள்ல இருந்து இல்ல, கார்டுல அச்சடிச்சிருக்கற ஸ்டார்ட் டேட்ல இருந்து. கார்டு தபால்ல வந்துட்டு இருந்தாலும், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வராம இருந்தாலும் நாள் கழிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். நடுவுல வேலை இல்லாம ஊருக்குப் போய் அம்மா கையால ஒரு மாசம் சாப்பிட்டுட்டு வந்தா அந்த ஒரு மாசமும் 90ல கழியும், வேலையில இருந்து லீவு போட்டுட்டுப் போனாத்தான் கழியாது.

அதனால முதல் முடிவே தேதிதான். படிப்பு முடிஞ்ச மறுநாள்ல இருந்து 60 நாளுக்குள்ள எந்தத் தேதி வேணா கேக்கலாம். அவளுக்கு ஐ-20ல (காலேஜ் தர்ற மாணவர் விசா படிவம்) படிப்பு முடியற தேதி மே 10ன்னு வெச்சுக்கோங்க, மே 11 போட்டா 90வது நாள் ஆகஸ்ட் 8. அதையே ஜூலை 9 போட்டா 90வது நாள் அக்டோபர் 6. ஒரே படிப்பு, ஒரே கார்டு, ஒரே ஃபீஸ், தேடறதுக்கு மட்டும் 59 நாள் கூடுதல். கையில ஆஃபர் இருக்கறவங்க ஜாயினிங் டேட்டுக்கு ஏத்த மாதிரி சீக்கிரம் போடலாம், அது சரி. ஆஃபர் இல்லாதவங்க எதுக்கு சீக்கிரம் போடணும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. "லேட்டா போட்டா, ஜூன்ல வேலை கிடைச்சா சேர முடியாதே"ன்னு அவ கேட்டா. உண்மைதான், ஸ்டார்ட் டேட்டுக்கு முன்னாடி ஒரு நாள் கூட வேலை பார்க்கக் கூடாது. ஆனா ஜூன்ல ஆஃபர் குடுக்கற கம்பெனிகிட்ட ஜூலை 9 சேர்றேன்னு கேட்டா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, ஆகஸ்ட் 8 தாண்டினா கவர்மெண்ட் ஒத்துக்காது. ரெண்டுல எந்த ரிஸ்க் சின்னதுன்னு பாருங்க. அப்ளை பண்றதை மட்டும் தள்ளிப் போடாதீங்க, படிப்பு முடியறதுக்கு 90 நாள் முன்னாடியே அனுப்பலாம், டிஎஸ்ஓ (காலேஜ்ல வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்துக்கற அதிகாரி) செவிஸ்ல (கவர்மெண்ட்டோட வெளிநாட்டு மாணவர் பதிவு சிஸ்டம்) ரெக்கமண்ட் பண்ண 30 நாளுக்குள்ள ஐ-765, அதாவது ஓபிடி அப்ளிகேஷன், போய்ச் சேரணும், அந்த 30ஐ மறந்து ரிஜெக்ட் ஆனவங்க இருக்காங்க.

சரி, தேதி போட்டாச்சு, கார்டு வந்தாச்சு, வேலை வரல. இப்ப என்ன பண்றது?

என் கதையைச் சொல்றேன். 2023 மே 22 என் ஸ்டார்ட் டேட். அந்த வருஷம் பெரிய பெரிய கம்பெனியே ஆள் குறைச்சுட்டு இருந்த நேரம், பத்து வருஷ அனுபவம் இருக்கறவங்க கூட நாங்க அப்ளை பண்ற வேலைக்கே அப்ளை பண்ணிட்டு இருந்தாங்க. எங்க அபார்ட்மெண்ட்ல நாலு பேர், ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பீட்சா கடை காலண்டர், அதுல நான் சிவப்பு மார்க்கர்ல தினமும் நம்பர் எழுதுவேன். காலைல பால் எடுக்க கதவைத் திறக்கும்போது அந்த நம்பர்தான் முதல்ல கண்ணுல படும், 58, 59, 60. அறுபதைத் தாண்டினப்புறம் ரூம்மேட்டுங்க அதைப் பார்க்காத மாதிரி பால் எடுப்பாங்க. அப்பா போன்ல "என்னப்பா, ஏதாவது வந்துச்சா"ன்னு கேக்கறதையே நிறுத்திட்டாரு, அம்மாதான் சாப்டியான்னு கேட்டு வெச்சுடுவாங்க.

அந்த அறுபதாவது நாள் வாக்குலதான் கன்சல்டன்சி (மத்த கம்பெனிங்களுக்கு ஆள் அனுப்பற ஏஜென்சி) போன் வர ஆரம்பிக்கும். நம்ம நம்பர் அவங்களுக்கு எப்படிக் கிடைக்கும்னே தெரியாது, ஆனா சரியா அந்த நேரம் பார்த்து வரும். எனக்கு வந்தவர் ரொம்ப அன்பாத்தான் பேசினாரு: "தம்பி, ஆஃபர் லெட்டர் இன்னிக்கே அனுப்பிடறோம், நீங்க கவர்மெண்ட்டோட ஓபிடி போர்ட்டல்ல எங்க பேரைப் போட்டுக்கோங்க, உங்க 90 நாள் நின்னுடும், ட்ரெயினிங் குடுக்கறோம், ப்ராஜெக்ட் கிடைச்சதும் சம்பளம்." ரெஸ்யூம் எப்படின்னு கேட்டேன். "ஆறு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டு நாங்களே ரெடி பண்ணிடுவோம்." எனக்கு அப்ப வயசு 24.

எல்லா கன்சல்டன்சியும் மோசம்னு நான் சொல்லல. நிஜமாவே க்ளையன்ட்கிட்ட வேலை வாங்கிக் குடுத்து, மாசா மாசம் சம்பளம் போடற ஸ்டாஃபிங் கம்பெனிங்க இருக்கு, அது சட்டப்படி தப்பே இல்ல. பார்க்க வேண்டியது ஒண்ணுதான்: அவங்க பேரோல்ல இருக்கற காலத்துல வாரத்துக்கு சராசரியா 20 மணி நேரமாவது நிஜமா வேலை பார்த்தேன்னு உங்களால காட்ட முடியணும். ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்ச்ல உக்காந்து யூட்யூப்ல ட்ரெயினிங் பார்க்கறது வேலை கிடையாது. ஆஃபர் லெட்டர் மட்டும் குடுத்து நாளை நிறுத்தறேன்னு சொல்றவங்க நாளை நிறுத்தல, உங்க ஃபைல்ல ஒரு பொய்யை எழுத வைக்கறாங்க, அதுவும் உங்க கையாலயே. அந்தப் பொய் அன்னிக்கு ஒண்ணும் பண்ணாது. என் ரூம்மேட் ஒருத்தன் 83வது நாள்ல அப்படி ஒரு லெட்டர் வாங்கினான், நாலு மாசம் நிம்மதியா இருந்தான், அப்புறம் நல்ல வேலையே கிடைச்சது, ஹெச்-1பிங்கற வேலை விசாவுக்கான லாட்டரியும் விழுந்தது. ஹெச்-1பி ஃபைல் பண்ணினப்ப அந்த நாலு மாசத்துக்கு பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) எங்க, என்ன வேலை பார்த்த, யாருக்கு ரிப்போர்ட் பண்ணினன்னு கேட்டு லெட்டர் வந்துச்சு. அந்த கன்சல்டன்சியோட போன் நம்பரே அப்ப வேலை செய்யல. அவன் இப்ப கோயம்புத்தூர்ல இருக்கான், நல்லவன், கெட்டிக்காரன், 83வது நாள்ல பயந்து போய் எடுத்த ஒரு முடிவு மூணு வருஷம் கழிச்சு அவனைப் பிடிச்சது. இதை எழுதும்போது கூட மனசு கஷ்டமா இருக்கு.

நான் எடுத்தது வேற வழி, அதைத்தான் இவளுக்கும் முதல் வழியா சொன்னேன்: சம்பளம் இல்லாம வாலன்டியரா வேலை பார்க்கறது. முதல் 12 மாச ஓபிடில இது செல்லும், நிறைய பேருக்கு இது தெரியாது. வாரத்துக்கு குறைஞ்சது 20 மணி நேரம், படிச்ச படிப்புக்கு சம்பந்தப்பட்ட வேலை, லேபர் சட்டத்தை மீறாத இடம், இந்த மூணும் இருந்தா அன்னில இருந்து நாள் நின்னுடும். அந்த மூணாவதுதான் கொஞ்சம் கவனிக்கணும், லாபத்துக்கு நடக்கற கம்பெனில சம்பளம் குடுத்துப் பார்க்க வேண்டிய வேலையை நீங்க சும்மா பார்த்தா அது வம்பு. யுனிவர்சிட்டி லேப், தொண்டு நிறுவனம், இந்த மாதிரி இடம்னா பிரச்னை இல்ல. ஒரே இடத்துல 20 மணி கிடைக்கலைன்னா ரெண்டு இடத்துல பத்து பத்தா கூட சேர்த்துக்கலாம்.

ஜூலை கடைசில நான் எனக்கு க்ளாஸ் எடுத்த ஒரு ப்ரொஃபசரோட ஆஃபீஸ் வாசல்ல போய் நின்னேன். ஈமெயில் ரெண்டு அனுப்பி பதில் வரல, நேர்லதான் போனேன். அவரோட லேப்ல சென்சார் டேட்டா நாலு வருஷத்துது கன்னாபின்னான்னு கிடக்குதுன்னு க்ளாஸ்ல ஒரு தடவை சொல்லியிருந்தாரு, அதை நான் சரி பண்ணித் தரேன், சம்பளம் வேண்டாம், ஒரு லெட்டர் மட்டும் வேணும்னு கேட்டேன். ரெண்டு நிமிஷம் யோசிச்சுட்டு திங்கக்கிழமை வரச் சொன்னவர், நான் லெட்டருக்காகக் கெஞ்சறதைப் பார்த்துட்டு அடுத்த நாளே சேர்த்துக்கிட்டாரு. ஆகஸ்ட் 1ல இருந்து ஆரம்பிச்சேன். காலண்டர்ல 71ல நின்னுது. அந்த லெட்டர்ல என்ன இருந்துச்சுன்னு சொல்றேன், நீங்களும் இதையே கேட்டு வாங்குங்க: டிபார்ட்மென்ட் லெட்டர்ஹெட், ஆரம்ப தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன வேலை, அது என் டிகிரிக்கு எப்படி சம்பந்தம், அவர் கையெழுத்து. ரெண்டு வருஷம் கழிச்சு என் ஹெச்-1பிக்கு வக்கீல் பழைய பேப்பர் எல்லாம் கேட்டப்ப அந்த ஒரு பக்கம்தான் அந்த நாலு மாசத்துக்கு பதில் சொல்லிச்சு.

இதுல கஷ்டம் பணம். வாடகைல என் பங்கு 480 டாலர், சாப்பாடு, போன், ஊர்ல லோன் வட்டி. சேர்த்து வெச்சது கரைஞ்சது, அப்பா ஒரு தடவை அனுப்பினாரு, அதை வாங்கும்போது இருந்த கூச்சம் இன்னும் போகல. கேஸ் ஸ்டேஷன், ஹோட்டல்னு கைல காசு வாங்கிட்டு வேலை பார்க்கலாம்னு சிலர் சொல்லுவாங்க, அது படிப்புக்கு சம்பந்தமில்லாத வேலை, ஓபிடில அனுமதியே இல்ல, அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். ஆனா லேப்ல இருந்ததுல ஒரு லாபம் கிடைச்சது, இன்டர்வியூல "இப்ப என்ன பண்றீங்க"ன்னு கேட்டா சொல்றதுக்கு நிஜமான ஒரு வேலை இருந்துச்சு, டிசம்பர்ல வேலை கிடைச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நம்பறேன்.

சொந்தமா கம்பெனி ஆரம்பிக்கறது இன்னொரு வழி. முதல் வருஷ ஓபிடில இதுவும் செல்லும், ஆனா பேருக்கு ஒரு எல்எல்சி (ஒரு வகை கம்பெனிப் பதிவு) பதிஞ்சா போதாது. டெக்ஸாஸ்ல பதியறதுக்கு ஸ்டேட் ஃபீஸ் 300 டாலர், அது சுலபம். அதுக்கப்புறம் லைசென்ஸ் சரியா இருக்கணும், படிப்புக்கு சம்பந்தப்பட்ட பிசினஸா இருக்கணும், ஃபுல் டைமா அதையே நிஜமா நடத்தறீங்கன்னு காட்டணும். கைல ரெண்டு க்ளையன்ட்டாவது இருக்கறவங்களுக்கு இது நல்ல வழி, வெப்சைட் பண்ணிக் குடுக்கறவங்க, டிசைன் பண்றவங்க, ஆப் எழுதறவங்க. இன்வாய்ஸ், கான்ட்ராக்ட், எத்தனை மணி வேலை பார்த்தேன்னு குறிப்பு எல்லாம் வெச்சுக்கோங்க. க்ளையன்ட் ஒருத்தர் கூட இல்லாம நாளை நிறுத்தறதுக்காக மட்டும் ஆரம்பிக்கறதா இருந்தா, கன்சல்டன்சி லெட்டருக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

வாலன்டியர், சொந்தக் கம்பெனி ரெண்டுக்குமே ஒரு எல்லை இருக்கு, அதை முதல்லயே தெரிஞ்சுக்கோங்க. ஸ்டெம் எக்ஸ்டென்ஷனுக்கு இந்த ரெண்டும் செல்லாது. அங்க சம்பளம் குடுக்கற கம்பெனி வேணும், அந்த கம்பெனி ஈ-வெரிஃபைல (ஊழியரோட வேலை அனுமதியைச் சரிபார்க்கற கவர்மெண்ட் சிஸ்டம்) இருக்கணும், ஐ-983 ட்ரெயினிங் ப்ளான்ல அவங்க கையெழுத்துப் போடணும், நமக்கு நாமே முதலாளியா கையெழுத்துப் போட முடியாது. அதனால இது பாலம் மாதிரிதான், 12 மாசத்துக்குள்ள அக்கரை போய்ச் சேரணும். அப்படியே போய்ச் சேரலைன்னா கூட, 90ஐத் தாண்டாம ஓபிடி முழுசா முடிஞ்சா அதுக்கப்புறம் 60 நாள் க்ரேஸ், அதாவது கிளம்பறதுக்கு அவகாசம், உண்டு, 90ஐத் தாண்டினவங்களுக்கு அந்த 60 கிடையாது. நாள் மிச்சம் வைக்கறது பின்னாடியும் உதவும். நான் 71 செலவழிச்சதால எனக்கு மிச்சம் 79 இருந்துச்சு, 2025 பிப்ரவரில அந்த கம்பெனியும் ஆள் குறைச்சப்ப 34 நாள் வீட்ல இருந்தேன், முதல் வருஷத்துல 90ஐயும் கரைச்சிருந்தா மிச்சம் 60தான், அந்த 34 நாளும் இன்னும் நரகமா இருந்திருக்கும்.

திரும்பப் படிக்கறதைப் பத்தி. நிறைய பேர் 80வது நாள்ல ரெண்டாவது எம்எஸ்ஸுக்கு மாறறாங்க. சட்டப்படி அங்க இருக்கற ஸ்டேட்டஸ் நிலைக்கும், உண்மை. ஆனா ஓபிடி ஒரு லெவலுக்கு ஒரு தடவைதான், இன்னொரு எம்எஸ் முடிச்சாலும் புது ஓபிடி கிடைக்காது, செவிஸ் ரெக்கார்டு புது காலேஜுக்கு மாறின அன்னிக்கே இருக்கற ஓபிடியும் போயிடும். அப்ப எதுக்குப் படிக்கறாங்கன்னா முதல் நாள்ல இருந்தே சிபிடி (படிக்கும்போதே வேலை பார்க்கற அனுமதி) தர்ற காலேஜுங்களுக்காக. அதுல சிலது சட்டத்துக்கு உட்பட்டதுதான், ஆனா பின்னாடி ஹெச்-1பி அப்ப "நிஜமாவே க்ளாஸுக்குப் போனியா, வேலை அந்தப் படிப்புக்கு சம்பந்தமா"ன்னு குடைவாங்க. 2019 ஜனவரில வெளிய வந்த ஃபார்மிங்டன் யுனிவர்சிட்டி விஷயம் ஞாபகம் இருக்கும், மிச்சிகன்ல ஃபெடரல் ஏஜென்ட்டுங்களே நடத்தின போலி யுனிவர்சிட்டி, க்ளாஸே கிடையாது, சேர்ந்தவங்க சுமார் 600 பேர், பெரும்பாலும் நம்ம இந்தியப் பசங்க. க்ளாஸ் இல்லாம பேப்பர் மட்டும் தர்ற இடம்னு தெரிஞ்சா விலகிடுங்க. பிஎச்டி வேற கதை, லெவல் ஏறறதால புது 12 மாச ஓபிடி கிடைக்கும், ஸ்டெம்மா இருந்தா இன்னொரு எக்ஸ்டென்ஷனும் கிடைக்கும், ஃபண்டிங் வந்தா ஸ்டைபண்டும் உண்டு. ஆராய்ச்சில நிஜமா ஆசை இருக்கறவங்க எடுங்க, நாலஞ்சு வருஷத்தை விசாவுக்காக மட்டும் குடுக்காதீங்க. எதுக்கு மாறறதா இருந்தாலும் 90 முடியறதுக்கு முன்னாடி மாறணும், க்ளாஸ் 5 மாசத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 88வது நாள்ல டிஎஸ்ஓ ரூம் வாசல்ல நின்னா அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

கல்யாணம் ஆகி ஹஸ்பண்டோ வைஃபோ ஹெச்-1பில இருந்தா ஹெச்-4க்கு (ஹெச்-1பில இருக்கறவங்க குடும்பத்துக்கான விசா) மாற அப்ளை பண்ணலாம், சாதாரணமா வேலை பார்க்க முடியாது, ஆனா ஸ்டேட்டஸ் காப்பாத்திக்கலாம்.

கடைசியா ஊருக்குத் திரும்பறது. இதைத் தோல்வின்னு பேசறவங்க மேல எனக்கு கோபம் வரும். 90க்கு முன்னாடி கிளம்பினா ரெக்கார்டு சுத்தம், நாளைக்கு எந்த விசாவுக்குப் போனாலும் பயமில்லாம பதில் சொல்லலாம். சென்னைல ஒரு மல்டிநேஷனல்ல சேர்ந்து தொடர்ந்து ஒரு வருஷம் வேலை பார்த்தா அதே கம்பெனி எல்-1ல (கம்பெனிக்குள்ளயே ஆளை அமெரிக்காவுக்கு மாத்தற விசா) அனுப்பலாம், அதுக்கு லாட்டரி கிடையாது. ஆனா இப்ப ஒரு செலவு சேர்ந்திருக்கு, அதையும் மறைக்காம சொல்லணும்: 2025 செப்டம்பர் 21ல இருந்து 12 மாசத்துக்குன்னு வந்த உத்தரவுல, அமெரிக்காவுக்கு வெளிய இருக்கறவங்களுக்குப் போடற புது ஹெச்-1பி மனுவுக்கு கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்டணும், உள்ளயே எஃப்-1ல இருந்து ஸ்டேட்டஸ் மாத்தறவங்களுக்கு அது இல்லன்னு அக்டோபர்ல தெளிவு பண்ணினாங்க. அதனால வெளிய போயிட்டு ஹெச்-1பில திரும்பி வரலாம்கற கணக்கு முன்ன மாதிரி இல்ல, உள்ள இருக்க நேர்மையான வழி இருக்கும்போது அதை முழுசா முயற்சி பண்ணிட்டு அப்புறம் கிளம்புங்க. நேர்மையான வழி எதுவும் இல்லன்னா பொய் லெட்டரை விட ஃப்ளைட் டிக்கெட் எவ்வளவோ மேல்.

எந்த வேலை எடுத்தாலும் அந்த கவர்மெண்ட் போர்ட்டல்ல (SEVP போர்ட்டல்) வேலை விவரத்தை 10 நாளுக்குள்ள போட்டுடுங்க, வாலன்டியர் வேலையா இருந்தாலும். 2025 மே மாசத்துல போர்ட்டல்ல கம்பெனி விவரம் இல்லாம 90 நாள் தாண்டினவங்களுக்கு லெட்டர் வந்துச்சு, 15 நாளுக்குள்ள சரி பண்ணலைன்னா ரெக்கார்டை முடிச்சுடுவோம்னு. நிஜமா வேலை பார்த்தும் டைப் பண்ண சோம்பல்பட்டு மாட்டிக்கறதை மாதிரி கொடுமை வேற இல்ல. போர்ட்டல் கேக்கற "படிப்புக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்"கற கட்டத்துல ஒரு வரில முடிக்காம, எந்தப் பாடத்துல படிச்சதை எந்த வேலைல பயன்படுத்தறீங்கன்னு நாலு வரி எழுதுங்க.

சித்தி பொண்ணு நேத்து திரும்பக் கூப்பிட்டா. ஜூலை 9 போட்டிருக்கா, ஐ-20ல இருக்கற சிஐபி கோடு (எந்த வகைப் படிப்புன்னு சொல்ற நம்பர்) ஸ்டெம் லிஸ்ட்ல இருக்கான்னு டிஎஸ்ஓகிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டா, லேப் வெச்சிருக்கற மூணு ப்ரொஃபசருக்கு இப்பவே ஈமெயில் போயிருக்கு. ஒருத்தர் மட்டும் பதில் போட்டிருக்காராம், செமஸ்டர் முடியறதுக்குள்ள வந்து பாருன்னு. என்ன கொண்டு போறதுன்னு கேட்டா, என் பழைய லெட்டரை ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்கேன்.